ஒரு வாஷர் மிச்சம்

பத்தொன்பது வருடங்களாக எனக்குச் சோறு போடும் வேலை, தண்ணீர் எப்போது ஒழுக ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பது. நான் காப்பீட்டு சர்வேயர். கடை எரிந்தால், கிடங்கில் வெள்ளம் புகுந்தால், மாடியில் குழாய் உடைந்து கீழே துணி மூட்டைகள் நனைந்தால் போய்ப் பார்த்து, படமெடுத்து, நஷ்டம் இவ்வளவு, காரணம் இது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தீ விபத்துகூடப் பரவாயில்லை. தண்ணீர்தான் வம்பு பிடித்தது. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தாலும் வழிந்தாலும் தீக் காப்பீட்டு பாலிசியில் பணம் உண்டு. நாள்கணக்கில் கசிந்து ஊறிய சேதத்துக்குப் பொதுவாகக் கிடையாது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு பாலிசியிலும் வெடித்தல், வழிதல் என்றுதான் போட்டிருக்கும். அதனால் நான் போகிற இடத்திலெல்லாம் ஒரே வசனம்தான்: "திடீர்னு வெடிச்சிடுச்சு சார்." கசிந்தது என்று இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

ஆகவே ஆட்களைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு சுவரைக் கேட்கப் பழகிவிட்டேன். சுவர் பொய் சொல்லாது. ஈரம் ஊறிக் காயும்போது, கரைந்த உப்பையும் அழுக்கையும் ஓரத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடுவில் வெளுத்து விளிம்பு மட்டும் கறுத்து நிற்கிறதே, அதே சங்கதி. ஒரு தடவை நனைந்து காய்ந்தால் ஒரு வளையம். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நனைந்தால் அதற்கு வெளியே இன்னொன்று. நாலு வளையத்தைக் காட்டி நேற்று ராத்திரி வெடித்தது என்று சொன்னால் நான் எதுவும் பேச மாட்டேன். ஆணியில் ஏறிய துருவை ஒரு படம், உப்புப் பூத்த இடத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு, வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கிளம்பிவிடுவேன்.

இப்படிப்பட்ட நான் போன வருடம் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை என் வீட்டு சிங்க் ஒழுகுவதை மறைத்து வைத்திருந்தேன்.

மடிப்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம். மொத்தமே ஆறு வீடு. எங்களுடையது இரண்டாம் மாடி. சமையலறை சிங்க்கின் கீழே அலமாரிக் கதவைத் திறந்தால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ட்ராப் தொங்கும். அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் வளைந்து தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். புரட்டாசியில் ஒரு நாள் அலமாரியின் அடிப்பலகை நனைந்திருந்தது. வெங்காயக் கூடைக்கு அடியில் போட்டிருந்த செய்தித்தாள் கூழாகியிருந்தது. "பிளம்பரக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "எங்க அண்ணனா இருந்தா இந்நேரம் அவரே கழட்டி மாட்டியிருப்பாரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

என் மைத்துனர் திருநெல்வேலியில் இருக்கிறார். மிக்ஸி, மோட்டார், தையல் மெஷின் எதுவானாலும் அவர் கைபட்டால் ஓடும். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய ஸ்க்ரூடிரைவரோடு நான் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போய் பைப் ரெஞ்ச், டெஃப்லான் டேப், எம்-சீல் எல்லாம் வாங்கி வந்தேன். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று. பிளம்பர் வந்தால் நானூறு கேட்பார் என்று மிச்சம் பிடிக்கக் கிளம்பியவன்! "எது ஒழுகுது சார், எந்த ஜாயின்ட்டு?" என்று அண்ணாச்சி கேட்டார். எல்லாம்தான் என்றேன். எது என்று நான் பார்க்கவே இல்லை.

ட்ராப்பைக் கழற்றியதும் முதலில் வந்தது நாற்றம். அதன் பின்னாலேயே ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சிறு பாட்டிலுக்குள் எப்போதும் இரண்டு அங்குல உயரத்துக்காவது தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். குழாயை எஸ் வடிவத்தில் வளைத்துத் தண்ணீரைத் தேக்கிவைக்கிற யோசனைக்கு 1775இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் தொழில் கடிகாரம் செய்வது. வடிவம் பல மாறிவிட்டது, சங்கதி அதேதான். அந்தக் கையளவு தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங்கில் ஒரு சாட்சி உண்டு. 2003இல் சார்ஸ் பரவியபோது அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் தொற்றியது. 42 பேர் இறந்தார்கள். குளியலறைத் தரைகளில் இருந்த ட்ராப்புகள் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்ததும், அவற்றின் வழியே கழிவுக் குழாயின் காற்றைக் குளியலறை மின்விசிறிகள் வீட்டுக்குள் இழுத்ததும் முக்கியமான காரணங்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒரு வீட்டுக் கழிவு அடுத்த வீட்டு மூச்சானது. தொழில் காரணமாக இந்த மாதிரி அறிக்கைகளையெல்லாம் நான் விரும்பிப் படிப்பேன். படித்து என்ன?

ட்ராப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கழுவி, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து, திரும்ப மாட்டினேன். மரைக்கு மரை டெஃப்லான் டேப் சுற்றினேன். ரெஞ்சைப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் தரையில் ஒரு வாஷர் கிடந்தது.

கறுப்பு ரப்பர். ஒன்றேகால் அங்குலக் குழாய்க்கானது. ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மறுபக்கம் விளிம்பு சாய்ந்து, கூம்பை வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. உள்பக்கத்தில் குழாய் வருடக்கணக்காக அழுத்திய தடம் பளபளவென்று தெரிந்தது. அதாவது, அது எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருந்த வாஷர். உதிரியாக வந்து விழுந்தது இல்லை. எனக்கு அது அந்தக் கணமே தெரிந்தது. ஹாலிலிருந்து மனைவி, "முடிஞ்சிதா?" என்றாள். "முடிஞ்சிது" என்றேன். வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு என் மேசை இழுப்பறையில் ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நான் தவறு செய்த இடம் எது என்று யாராவது கேட்டால், அந்த "முடிஞ்சிது"தான். வாஷர் மாட்ட மறப்பது யாருக்கும் நடக்கும்.

சோதித்துப் பார்த்தேனே என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன சோதனை? குழாயை நூல் மாதிரி திறந்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். குடிநீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். பழுது இருந்தால் ராத்திரி பகல் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். கழிவுக் குழாய் அப்படியில்லை. தண்ணீர் போகும்போது மட்டும் ஒழுகும், மற்ற நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும். சிங்க்கை அடைத்து, தளும்பத் தளும்ப நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டால்தான் அதன் யோக்கியதை தெரியும். கிடங்குக்காரர் எவராவது நூல் மாதிரித் தண்ணீர் விட்டுக் காட்டினால் நான் சிரித்திருப்பேன்.

மூன்றாம் நாள் ஒழுகியது. எம்-சீலின் இரண்டு நிறத்தையும் பிசைந்து ஒரே நிறமாக்கி, ஈரத்தைச் சரியாகத் துடைக்காமலேயே பக்கவாட்டு ஜாயின்ட்டில் அப்பினேன். ஒரு வாரம் தாங்கியது. பிறகு அந்த உருண்டைக்கும் குழாய்க்கும் நடுவில் மயிரிழை விட்டது. நான் சத்தம் போடாமல் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை அடியில் வைத்து, முன்னால் குப்பைக்கூடையை நகர்த்தி மறைத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை டப்பா நிரம்பும். எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துக் கொட்டிவிட்டு வைப்பேன். பருப்பு கழுவிய தண்ணீர், டீத்தூள், சோப்பு எல்லாம் கலந்து ஒரு சாம்பல் நிறத் திரவம். அந்த வாசனை இப்போதும் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு காலையில் மனைவி டப்பாவைப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது?"

இந்த இடத்தில்தான் அக்காவை இழுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிற அக்கா. காலை ஆறரைக்கு வந்து உலை வைத்து, பாத்திரம் கழுவி, வீடு துடைத்துவிட்டுப் போவார். எங்களுக்குக் குக்கர் சோறு பிடிக்காது, வடித்த சோறுதான். வடிகஞ்சியை சிங்க்கில் ஊற்றுவது வழக்கம். "கஞ்சிதான் காரணம்" என்றேன் மனைவியிடம். வாயில் வந்ததை அளந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். கொதிக்கிற கஞ்சி அதற்கும் மேலே. கொதிநீரைக் கொட்டிக் கொட்டியே பிளாஸ்டிக் ஜாயின்ட்டுகள் நெளிந்துபோன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அவ்வளவும் நிஜம். என் வீட்டு ஜாயின்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் நிஜம். அந்த ஜாயின்ட்டின் வாஷர் என் இழுப்பறையில் இருந்தது.

மறுநாள் சமையலறை வாசலில் நின்று பாடமே நடத்தினேன். "அக்கா, கொதிக்கக் கொதிக்க சிங்க்ல ஊத்தக் கூடாது. பைப்பு இளகிடும். எண்பது டிகிரிக்கு மேல தாங்காது."

"இத்தினி வருசமா ஊத்திக்கினுதானே சார் கீறேன்?"

"அதான் போயிடுச்சு."

அவர் கையிலிருந்த சோற்றுப் பானையைப் பார்த்தார். சிங்க்கைப் பார்த்தார். "சரி சார்" என்றார். அன்றிலிருந்து கஞ்சியை ஒரு குண்டானில் வடித்து, தட்டைப் போட்டு மூடி, மேடை ஓரத்தில் ஆற வைப்பார். மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் ஊற்றுவார்.

ஒழுகல் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று மனைவி கேட்டதற்கு, ஏற்கெனவே இளகினது இளகினதுதான் என்று சொன்னேன்.

தீபாவளிக்கு மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். அந்த ஜாயின்ட்டை ஐந்து நிமிடத்தில் சரி செய்யக்கூடிய மனிதர் என் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். எட்டுப் பேர் சாப்பிட்ட பாத்திரம், எண்ணெய்ச் சட்டி, மாவு கரைத்த ஏனம். டப்பா தினமும் இரண்டு முறை நிரம்பியது. மூன்று முறை நான் பார்க்காமலே வழிந்தது. வழிந்த தண்ணீர் அலமாரிப் பலகையின் பின்பக்கமாக இறங்கி, குழாய் தரைக்குள் போகிற ஓட்டையைத் தேடிப் போனது. குழாயைச் சுற்றி அடைத்திருந்த சிமெண்ட் சுருங்கி இடைவெளி விட்டிருந்தது என்பதை நான் பார்த்தது மார்கழியில்தான். தண்ணீர் அதை ஐப்பசியிலேயே பார்த்துவிட்டது.

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எழுபது வயது தாண்டியவர், தனியாக இருக்கிறார். தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் மேலே வந்தார். "தம்பி, எங்க கிச்சன் கூரைல ஓதம் அடிக்குது. உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போனேன். நாற்காலி போட்டு ஏறினேன். பழக்கதோஷத்தில் செல்போனை எடுத்து ஒரு படமும் எடுத்தேன். எங்கள் குழாய் இறங்குகிற இடத்தைச் சுற்றி, அப்பளம் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். அதற்குள் அழகாக மூன்று வளையம். மூன்று வழிதல்களும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்த மாதிரி இருந்தன.

நாற்காலியிலிருந்து இறங்கி, "மழை டீச்சர்" என்றேன். "வெளிச்சுவர்ல விரிசல் இருக்கும். வடகிழக்குப் பருவமழைல எல்லா பில்டிங்லயும் இதே கதைதான். தை பொறந்தா காஞ்சிடும்."

அவர் நம்பினார். நம்பினாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அப்போது, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் மாடியேறி வந்து செல்போனிலிருந்த அந்தப் படத்தை அழித்தேன்.

அந்த நவம்பரில் ஒரு நோட்டுப் புத்தகக் கிடங்கைப் பார்க்கப் போயிருந்தேன். மேல்தளத்துக் குழாயிலிருந்து தண்ணீர் இறங்கி இரண்டு அடுக்குக் காகிதம் கெட்டுவிட்டது. வழக்கமான வசனம்: ராத்திரி திடீரென்று வெடித்துவிட்டது. கிளாம்பில் துரு பொரிந்திருந்தது. சுவரில் நான்கைந்து வளையம். கீழடுக்கில் இருந்த காகிதத்தில் பூஞ்சை. எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று கேட்டேன். அந்த மனிதர் என் கண்ணைப் பார்க்காமல், "சத்தியமா நேத்துதான் சார்" என்றார். படிப்படியான கசிவால் ஏற்பட்ட சேதம் என்று அறிக்கை எழுதினேன். முடிவு கம்பெனியுடையது, ஆனால் என் வரிதான் அவருடைய விதி என்று இருவருக்குமே தெரியும். அறிக்கை சரியானது. ஒரு எழுத்தைக்கூட இன்றைக்கும் மாற்ற மாட்டேன். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக் கொட்டும்போது கை நடுங்கி, பாதி என் காலில் ஊற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான்கு நாள் திருநெல்வேலியில் இருந்தோம். அந்த நான்கு நாளும் சென்னையில் கொட்டு கொட்டென்று கொட்டியிருக்கிறது. திரும்பி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது டீச்சர் கதவைத் திறந்து பார்த்தார். நலம் விசாரித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, ஒரு ஆச்சரியம். நீங்க ஊருக்குப் போன நாலு நாளும் நல்ல மழை. ஆனா கிச்சன்ல அந்த இடம் நல்லா காஞ்சிருந்துச்சு."

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். விடையைச் சொல்லாமல், தெரிந்ததையெல்லாம் பலகையில் எழுதிவிட்டு, சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். பெட்டியைக் கீழே வைத்து, "எங்க சிங்க்தான் டீச்சர்" என்றால் மூன்றே வார்த்தை.

"காத்து வேற திசைல அடிச்சிருக்கும் டீச்சர்" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேலே வந்து வெகுநேரம் எதுவும் பேசவில்லை. டப்பாவை மட்டும் தானே எடுத்துக் கழுவி, கவிழ்க்காமல், இருந்த இடத்திலேயே ஓசையோடு வைத்தாள்.

இதில் காசை விடவும் பயம் ஒன்று இருந்தது. கான்கிரீட்டுக்குள் தொடர்ந்து ஈரம் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். இரண்டு மூன்று மாதத்தில் ஆகிற காரியம் இல்லை, ஆனால் வருடக்கணக்கில் விட்டதால் கூரை பெயர்ந்து விழுந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அதை நினைத்துப் பல ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன். விழித்துக் கிடந்தேனே தவிர பிளம்பரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் வாஷரைப் பற்றிக் கேட்பான் என்கிற ஒரே காரணம்.

மார்கழி முதல் வாரம் டீச்சர் மறுபடி வந்தார். கையில் மடித்த செய்தித்தாள். பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் கூரையின் பட்டி, பெயிண்டோடு சேர்ந்து பெயர்ந்த பத்தை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு. "நேத்து ராத்திரி விழுந்துச்சு. மாவு அரைச்சு வெச்சிருந்தேன். அதுல." சற்று நிறுத்தினார். "மாவைக் கொட்டிட்டேன்."

புகாராகச் சொல்லவில்லை. தனியாக இருக்கிற ஒரு அம்மா, மூன்று நாளைக்கு ஆகும் என்று அரைத்த மாவு. நான் அந்தப் பத்தையைக் கையில் வாங்கினேன். ஈரமாக இருந்தது.

அன்றைக்கே பிளம்பர் வந்தான். இருபத்தைந்து வயசுப் பையன். மல்லாந்து படுத்து, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு வெளிச்சம் பிடித்தான். "என்ன சார் இது, புள்ளையாரு புடிச்சி வெச்சிக்கிறீங்க?" என்று எம்-சீல் உருண்டையை ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டினான். அது முழுசாகக் கழன்று வந்தது. குழாயில் எங்குமே ஒட்டியிருக்கவில்லை. நட்டைத் திருப்பினான். டெஃப்லான் டேப் வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்தது. "இதுக்கு டேப்பே வேணாம் சார். இந்த மரை சும்மா புடிச்சி அழுத்தத்தான். தண்ணிய நிறுத்தறது வாஷரு." கொஞ்சம் எட்டிப் பார்த்தான். "இங்க வாஷரே இல்லியே?"

நான் உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தேன்.

அவன் படுத்தபடியே வாஷரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பேண்டில் துடைத்து, சாய்வான பக்கம் ட்ராப்பின் வாய்க்குள் போகிற மாதிரி குழாயில் மாட்டி, நட்டைக் கையாலேயே திருகினான். ரெஞ்சைத் தொடவில்லை. சிங்க்கை அடைத்து நிரப்பித் திறந்துவிட்டான். காய்ந்த செய்தித்தாளால் ஜாயின்ட்டை ஒரு சுற்றுத் துடைத்துக் காட்டினான். தாள் மொரமொரவென்று அப்படியே இருந்தது. பன்னிரண்டு நிமிடம். குழாய் இளகியிருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்று மனைவி கேட்டாள். "பைப்பு கல்லு மாரி கீதுக்கா. வெங்காயக் கூடை இடிச்சி இடிச்சி நட்டு லூஸாயிருக்கும். மொதல்லயே கையால ஒரு திருகு திருகியிருந்தா போதும்" என்றான். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. போனது உண்மை. சொன்னது வேறு. "பொங்கலுக்கு முன்னாடி கூரையை நானே பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுக் குடுத்திடறேன் டீச்சர். பக்கத்துல இருக்கோம், இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். நெகிழ்ந்துபோய் டிகாக்ஷன் இறக்கி, கள்ளிச்சொட்டுப் பாலில் காபி போட்டுக் கொடுத்தார். தர்மவான் மாதிரி உட்கார்ந்து அதைக் குடித்தேன். கிடங்குக்காரர்களின் டீயைத் தொடாதவன். இந்த முழுக்கதையிலும் நினைத்தால் உடம்பு கூசுகிற இடம் அந்தக் காபிதான்.

சில வாரம் காய விட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். போகிக்கு முன்னால் பெயிண்டர் ஏணி போட்டுச் சுரண்டினார். மேல் பூச்சு உதிர உதிர வளையங்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. "மேல் வூட்டுத் தண்ணிம்மா. ரொம்ப நாளு ஊறிக்கீது" என்றார் ஏணி மேலிருந்தபடி. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிங்க், வாஷர், டப்பா, மூன்று வளையம், காற்றடித்த திசை எல்லாவற்றையும் ஏணியடியில் நின்றபடியே சொன்னேன். பெயிண்டர் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"ஆபீஸ் ரிப்போர்ட்லயும் இப்படித்தான் எழுதுவீங்களா தம்பி?"

"இல்ல டீச்சர்" என்றேன். அது உண்மை. ஆனால் அதை நம்பச் சொல்லிக் கேட்க என்னிடம் என்ன இருக்கிறது? நான் சொன்ன 'மழை' போலத்தான் அவருக்கு இந்த 'இல்லை'யும் கேட்டிருக்கும்.

டீச்சரிடம் சொல்லி ஆறு மாதமாகிறது. இப்போதும் படியில் பார்த்தால் பேசுவார். காபிக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். டீச்சரிடம் ஏணியடியில் நின்று சொல்ல முடிந்தது, இவரிடம் சமையலறை வாசலில் நின்று சொல்ல முடியவில்லை. சொல்லாவிட்டாலும் இவர் என்னை எதுவும் கேட்க மாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கொதிகஞ்சியை ஆற வைத்து ஊற்றுவது குழாய்க்கு நல்லதுதானே என்று ஒரு சமாதானமும் கைவசம் இருக்கிறது.

இன்று காலையும் குண்டான் மேடை ஓரத்தில் தட்டு மூடி இருந்தது. வீடு துடைத்து முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தட்டை எடுத்தார். மேலே ஆடை படிந்து மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். அப்புறம், சமையலறையில் தண்ணீர் குடிக்க வந்த என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆறிடுச்சு சார். ஊத்திடட்டா?"

"ஊத்துங்கக்கா" என்றேன்.